இரு நாட்டுப் பிடித்தமும் ஒரு முதுமையும்

ஒருவர் சென்னையில் எட்டு ஆண்டு, ஃபிராங்க்ஃபர்ட்டில் நான்கு ஆண்டு, டல்லஸில் ஆறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு ஆண்டுகள், ஒரு மாதமும் தவறாமல், அவர் சம்பளத்திலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று பணம் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் இந்தியாவின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் மாத ஓய்வூதியம் பெறப் பத்து ஆண்டு சேவை வேண்டும். ஜெர்மனியில் ஐந்து ஆண்டு கட்டியிருக்க வேண்டும். அமெரிக்காவில் நாற்பது காலாண்டுகள், அதாவது பத்து ஆண்டு. மூன்று நாடுகளும் தனித்தனியே கணக்குப் பார்த்தால் மூன்றுமே 'உங்கள் காலம் போதாது' என்றுதான் சொல்லும். பிடித்தம் முழுசாக நடந்திருக்கிறது; உரிமை எங்கும் பிறக்கவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து துபாய் போய்ப் பத்து ஆண்டு கட்டட வேலை பார்த்தவருக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்கென்று யாரும் எதையும் பிடிக்கவில்லை. அவருடைய முதலாளியும் எதையும் கட்டவில்லை. இந்த இருவரையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம். முதலாமவருக்காக இந்தியா இருபது ஆண்டுகளாக நாடு நாடாகப் பேசிவருகிறது. எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய இரண்டாமவரின் கூட்டத்துக்காக அந்த வகையில் பேசியதில்லை.

எல்லை தாண்டி உழைப்பவரின் ஓய்வூதியம் என்ற கேள்வி புதியதல்ல. இத்தாலியத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகப் பிரான்சுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1904இல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. தொழிலாளரின் சேமிப்பு, விபத்து இழப்பீடு ஆகியவற்றில் ஒரு நாட்டார் இன்னொரு நாட்டில் பெறவேண்டிய உரிமைகளை அது பேசியது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1935இல், இடம்பெயரும் தொழிலாளரின் ஓய்வூதிய உரிமைகளைக் காப்பதற்கென்றே ஓர் உடன்படிக்கையை இயற்றியது. போருக்குப் பின், 1950இல், ரைன் ஆற்றுப் படகோட்டிகளுக்குத் தனி ஒப்பந்தம் வந்தது. காலையில் சுவிட்சர்லாந்து, மாலையில் ஜெர்மனி, மறுநாள் நெதர்லாந்து என்று மிதக்கும் மனிதரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி அவர்களிடம்தான் கூர்மையாக எழுந்தது.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1958இல் பிறந்ததும் கையில் எடுத்த முதல் வேலைகளில் ஒன்று இது. அன்றைய மூன்றாம், நான்காம் ஒழுங்குவிதிகள், 1971இன் விதி, 2010 மே மாதம் முதல் நடப்பில் இருக்கும் 883/2004 என்று சட்டம் விரிந்திருக்கிறது, அடிப்படை மாறவில்லை. ஒரு நேரத்தில் ஒருவருக்கு ஒரே நாட்டின் சட்டம்தான் பொருந்தும். பணம் ஓரிடத்தில்தான் பிடிக்கப்படும். வெளிநாட்டாருக்கும் உள்நாட்டாருக்கும் ஒரே உரிமை. வெவ்வேறு நாடுகளில் கட்டிய காலங்களைக் கூட்டிப் பார்த்துத் தகுதியை முடிவுசெய்ய வேண்டும். பிறந்த உரிமை, ஆள் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

இந்த நான்கில் முதலாவதுதான் நிர்வாகத்தில் அதிகம் தலைவலி தருவது. பொதுவிதி எளியது: உடல் எங்கே உழைக்கிறதோ அந்த நாட்டில் கட்டு. முதலாளி தற்காலிகமாக வேறு நாட்டுக்கு அனுப்பினால் 24 மாதம் வரை பழைய நாட்டிலேயே தொடரலாம். அதற்கு 'ஏ1' என்ற சான்றிதழ் வேண்டும். இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறி வேலை பார்ப்பவர், தம் வேலையில் கணிசமான பங்கை, அதாவது கால் பங்கையேனும், வீடு இருக்கும் நாட்டில் செய்தால் அந்த நாட்டின் சட்டம். இல்லாவிட்டால் பொதுவாக முதலாளி இருக்கும் நாட்டின் சட்டம். லாரி ஓட்டுநருக்கும் விமானப் பணியாளருக்கும் எழுதிய இந்தக் கால்பங்கு, கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களைப் பிடித்துக்கொண்டது. லக்சம்பர்க் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் தம் வீட்டு மேசையில் உட்கார்ந்தால் அது 40 சதவீதம்; அவருடைய பிடித்தம் முழுவதும் பிரான்சுக்கு மாற வேண்டியதாகிவிடும். 2023 ஜூலையில் பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து, தொலைவழி வேலை பாதிக்குக் குறைவாக இருந்தால் முதலாளி நாட்டிலேயே தொடரலாம் என்று ஒரு சட்டக ஒப்பந்தம் செய்துகொண்டன. அரசுகள் மனம்வைத்தால் எத்தனை விரைவில் விதி வளையும் என்பதற்கு இது நல்ல சான்று.

இந்தியா இந்த அரங்குக்கு வெகு தாமதமாக வந்தது. தகவல் தொழில்நுட்பக் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் பொறியாளர்களை 'ஆன்சைட்' அனுப்பத் தொடங்கிய பிறகே இரட்டைப் பிடித்தம் என்பது டெல்லியின் காதில் விழுந்தது. ஒரே ஆளுக்கு இங்கே வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.), அங்கே ஓய்வூதியக் காப்பீடு என்று இரண்டு பக்கமும் கட்ட வேண்டியிருந்தது. 2006இல் பெல்ஜியத்துடன் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகி 2009 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அடுத்து ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, டென்மார்க், பிரான்ஸ், தென் கொரியா, நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பட்டியல் நீண்டது.

இடையில் 2008 அக்டோபரில் இந்தியா ஒரு துருப்பை இறக்கியது. வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில் 'பன்னாட்டுத் தொழிலாளர்' என்ற புதிய வகையைச் சேர்த்தது. ஒப்பந்தம் இல்லாத நாட்டிலிருந்து இங்கே வந்து வேலை பார்க்கும் வெளிநாட்டவர், சம்பளம் எத்தனை லட்சமானாலும் முழுச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் கட்ட வேண்டும். முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். உள்ளூர் ஊழியருக்கு உள்ள 15,000 ரூபாய் வரம்பு அவருக்கு இல்லை. பிறகு வந்த திருத்தப்படி, ஊருக்குத் திரும்பினாலும் பொதுவாக 58 வயதுக்கு முன் அந்தப் பணத்தை எடுக்க முடியாது. 'உங்கள் ஆட்கள் பணமும் இங்கே மாட்டும், வாருங்கள் பேசுவோம்' என்று மற்ற நாடுகளை மேசைக்கு இழுத்ததில் இந்த விதிக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் நீதியின் கண்ணில் இது நெருடலானது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் இந்த விதி சமத்துவ உரிமைக்கு முரண் என்று ரத்துசெய்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025இல் இதே விதி செல்லும் என்றது. இரு நாட்டுக் குழப்பம் போக, இப்போது இரு நீதிமன்றக் குழப்பமும் சேர்ந்திருக்கிறது.

ஒப்பந்தம் இருக்கும் நாட்டுக்குக் கம்பெனி அனுப்பும் ஊழியருக்கு நடப்பது இதுதான். கம்பெனி வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் விண்ணப்பித்து 'கவரேஜ் சான்றிதழ்' வாங்குகிறது. அதைக் காட்டினால் அந்த நாட்டில் பிடித்தம் இல்லை. இங்கே பி.எஃப். தொடர்கிறது, ஊழியரின் சேவைக் காலம் அறுபடாமல் நீள்கிறது. இது நல்ல ஏற்பாடுதான். யாருக்கு எவ்வளவு நல்லது என்று மட்டும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் ஓய்வூதியக் காப்பீடு சம்பளத்தில் 18.6 சதவீதம், பாதி முதலாளி, பாதி தொழிலாளி. சான்றிதழ் இருந்தால் அந்தப் பாதி கம்பெனிக்கு நேரடியாக மிச்சம். ஊழியருக்குப் பிடித்தம் மிச்சமாகிறது, ஜெர்மன் ஓய்வூதியத்தில் காலமும் சேராமல் போகிறது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் இந்த ஒப்பந்தங்களை 'செலவுக் குறைப்பு' என்ற சொல்லால் வரவேற்பதில் வியப்பில்லை.

ஆகவே இந்த ஒப்பந்தங்களை எடைபோடும்போது இரட்டைப் பிடித்தம் நீங்கியதா என்பதோடு நிறுத்தக் கூடாது. காலங்கள் கூட்டப்படுகின்றனவா, பணம் ஊருக்கு வருமா என்ற இரண்டு கேள்விகளும் வேண்டும். 2025இல் பிரிட்டனுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதையொட்டிப் பேசப்பட்ட உடன்படிக்கைக்குப் பெயரே இரட்டைப் பங்களிப்பு உடன்படிக்கை. தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியருக்கும் அவருடைய கம்பெனிக்கும் பிரிட்டனில் கட்டுவதிலிருந்து விலக்கு. கட்டிய காலங்களைக் கூட்டி ஓய்வூதியம் பெறும் வழி அதில் இல்லை. சொந்த முயற்சியில் பிரிட்டிஷ் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த தமிழ்நாட்டுச் செவிலியருக்கு இந்த உடன்படிக்கை எதையும் மாற்றவில்லை.

காலம் கூட்டுதல் எப்படி வேலைசெய்கிறது என்பதை நம் சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்காரரை வைத்தே பார்த்துவிடலாம். ஜெர்மனியுடனான விரிவான ஒப்பந்தம் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியாவின் எட்டும் ஜெர்மனியின் நான்கும் சேர்ந்து பன்னிரண்டு. இந்தியா கேட்கும் பத்தும் நிறைந்தது, ஜெர்மனி கேட்கும் ஐந்தும் நிறைந்தது. இரண்டு கதவும் திறக்கின்றன. ஒவ்வொரு நாடும் தன்னிடம் கட்டிய காலத்துக்கு உரிய பங்கை மட்டும் தரும். இந்தியப் பங்கைக் கணக்கிடுவோம்: ஓய்வூதியத்துக்குரிய சம்பளம் 15,000, அதை எட்டால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் சுமார் 1,714 ரூபாய்.

இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். எத்தனை நாடுகளோடு பேசி, எத்தனை நாடாளுமன்றங்களில் ஒப்புதல் வாங்கி, கடைசியில் இந்தியப் பக்கம் தருவது ஒரு குடும்பத்தின் மாத மளிகைக்குக்கூடப் போதாது. இன்னொன்றும் உண்டு. 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் உறுப்பினரே அல்லர். அவர்களுக்கு வைப்பு நிதி மட்டும்தான். இன்றைக்கு வெளிநாடு போகும் இளம் பொறியாளர்கள் பலர் இந்த வகையில் வருவார்கள். கூட்டுவதற்கு இந்தியப் பக்கத்தில் ஓய்வூதியக் காலமே இல்லாதபோது, கூட்டல் விதி எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தும் என்ன பயன்? ஒப்பந்தம் என்பது இரண்டு நாட்டுத் திட்டங்களை இணைக்கும் கயிறு. ஒரு முனையில் கட்ட எதுவும் இல்லையென்றால் கயிறு கிடந்து என்ன செய்யும்?

திரும்பி வருகிறவர்கள் தாமே செய்துகொள்ளும் இழப்பு ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியில் ஐந்து ஆண்டுக்குக் குறைவாகக் கட்டிவிட்டு வெளியேறிய இந்தியர், 24 மாதம் காத்திருந்தால் தம் பங்கைத் திரும்பப் பெறலாம். முதலாளி கட்டிய பாதி வராது. ஜப்பானிலும் வெளியேறி இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்து ஒரு மொத்தத் தொகை வாங்க வழியுண்டு. வீடு கட்டும் நேரத்தில், தங்கை கல்யாணத்தின்போது, அந்தத் தொகை பெரிதாகத்தான் தெரியும். வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து அழிந்துவிடும். பிறகு கூட்டுவதற்கு அவை இல்லை. நாற்பது வயதில் எடுக்கும் இந்த முடிவின் விலை அறுபத்தைந்தில்தான் தெரியவரும். இதைப் புறப்படும் முன்பே உட்காரவைத்துச் சொல்ல ஓர் அரசு அலுவலகமாவது வேண்டாமா?

அமெரிக்காதான் நீண்டநாள் புண். அங்கே ஊழியரிடம் 7.65 சதவீதமும் முதலாளியிடம் அதே அளவும் பிடிக்கிறார்கள். சமூகப் பாதுகாப்புக்கு 6.2, முதியோர் மருத்துவத்துக்கு 1.45. எச்–1பி வேலை விசாவின் சாதாரண உச்சவரம்பு ஆறு ஆண்டு. ஓய்வூதியம் கேட்பது பத்து ஆண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கிய நம்மவர், டல்லஸில் இருந்த ஆறு ஆண்டில் தம் கையிலிருந்து கொடுத்தது 45,900 டாலர். கம்பெனியின் பங்கும் சேர்ந்தால் 91,800. நிரந்தர வசிப்புரிமைக்கு வரிசையில் நின்று விசாவை நீட்டித்தவர்கள் பத்து ஆண்டைத் தாண்டிவிடுவார்கள். ஆறில் திரும்பியவருக்கு ஒரு சென்ட்டும் இல்லை. இத்தாலியுடன் 1978இல் தொடங்கி அமெரிக்கா ஏறக்குறைய முப்பது நாடுகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது; அந்த நாட்டாராக இருந்தால் ஆறு காலாண்டு கட்டியிருந்தாலே சொந்த நாட்டுக் காலத்தோடு கூட்டிக்கொள்ளலாம். இந்தியாவுக்கு அது கிடைக்காததற்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரு காரணம் இருக்கிறது: எதிர்நாட்டில் பொதுமக்களுக்குப் பரவலாகப் பொருந்தும் சமூகப் பாதுகாப்பு முறை இருக்க வேண்டும். இந்திய உழைப்பாளிகளில் பெரும்பகுதி வைப்பு நிதிக்கு வெளியே இருப்பதை அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

இந்த மறுப்பில் அமெரிக்காவுக்கு ஆதாயம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அவர்கள் காட்டும் குறை பொய்யல்ல. திருப்பூரில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும், சிவகாசியில் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக் குழாய் சுற்றுபவருக்கும் ஓய்வூதியம் இல்லாத நாடு, டல்லஸில் உட்கார்ந்திருக்கும் தன் பொறியாளருக்காக வாதாடும்போது வாதம் பலவீனமாகத்தான் இருக்கும்.

இனி வளைகுடா. அங்கே ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். ஓய்வூதியக் காப்பீடு பொதுவாகக் குடிமக்களுக்கு மட்டும். 2006 முதல் வளைகுடாக் கூட்டமைப்பின் ஒரு நாட்டுக் குடிமகன் இன்னொரு நாட்டில் வேலை பார்த்தால் அவருடைய சொந்த நாட்டு ஓய்வூதியம் தொடர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எல்லை தாண்டும் ஓய்வூதியம் அவர்களுக்குத் தெரியாத கலை அல்ல. தங்கள் குடிமக்களுக்குச் செய்துகொண்டார்கள், நம் ஆட்களுக்குச் செய்யவில்லை.

நம் ஆட்களுக்கு இருப்பது பணிக்கொடை. அவர்கள் பேச்சில் 'செட்டில்மெண்ட்'. ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். இங்கே சம்பளம் என்றால் 'பேசிக்', அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளம். வேலை ஒப்பந்தத்தில் 1,500 திர்ஹாம் என்று எழுதி, அதில் பேசிக் 800, மீதி தங்குமிடம், போக்குவரத்து, சாப்பாட்டுப் படி என்று பிரித்திருப்பார்கள். பத்து ஆண்டுக்கு 255 நாள் சம்பளம் வரவேண்டும். 1,500க்குக் கணக்கிட்டால் 12,750 திர்ஹாம். 800க்குக் கணக்கிட்டால் 6,800. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பாதிக்கு அருகில் போய்விட்டது. அந்த 6,800உம் எங்கும் தனியாகச் சேர்த்துவைக்கப்பட்டதல்ல. கடைசி நாளில் முதலாளி தம் கையிலிருந்து தர வேண்டியது. கம்பெனி நொடித்தால், முதலாளி தலைமறைவானால், தொற்றுக்காலத்தில் நடந்ததுபோல அவசர விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டால், கேட்பதற்கு ஆள் இல்லை. வழக்குப் போட அங்கே இருக்க வேண்டும். அங்கே இருக்க விசா வேண்டும். விசா அந்த முதலாளி தந்தது.

இந்திய அரசு இவர்களுக்கென்று எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2003 முதல் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய் பிரீமியத்தில், விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். முதுமைக்கு அதில் இடமில்லை. முதுமைக்கென்று 2012இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா வந்தது. தொழிலாளர் சேமித்தால் அரசும் கொஞ்சம் சேர்க்கும் என்றார்கள். சேர்ந்தவர்கள் மிகக் குறைவு; 2017இல் மூடிவிட்டார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனவர், முதல் இரண்டு ஆண்டும் கடனைத்தான் அடைப்பார். முதலாளி ஒரு காசும் போடாத திட்டத்தில் அவரால் எதைச் சேமிக்க முடியும்? திட்டம் தோற்றது தொழிலாளரின் அலட்சியத்தால் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். 2018இன் சட்டப்படி வெளிநாட்டில் வேலை பார்க்கும் அந்நாட்டவர் தாய்நாட்டின் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் கட்டாய உறுப்பினர். சமூகப் பாதுகாப்பு உரிமைகளைக் காக்கும் 1982ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை ஏற்ற மிகச் சில நாடுகளில் அதுவும் ஒன்று. நமக்குப் பக்கத்தில் கேரளம், 2008இல் சட்டம் இயற்றி, வெளிநாட்டில் இருப்பவரும் மாதச் சந்தா கட்டி 60 வயதில் ஓய்வூதியம் பெறும் நல வாரியத்தை நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் 2011இல் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் வந்தது. வாரியம் செயல்படத் தொடங்கியதோ மிகவும் பின்னால்.

தமிழருக்கு இது இன்னும் பழைய கதை. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்தபோது, அதிலே ஒரு பிரிவு இருந்தது: திரும்பிப் போகிறவர்கள் தங்கள் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்துச் செல்ல இலங்கை அரசு அனுமதிக்கும், ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்காது. அந்த மக்களைக் கேட்காமலே அவர்கள் தலைவிதியை எழுதிய அந்த ஒப்பந்தத்தில்கூட, தேயிலைத் தோட்டத்தில் பிடித்த பணம் உழைத்தவரோடு போக வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்க இரு அரசுகளுக்கும் தோன்றியது. அறுபது ஆண்டுக்குப் பிறகு, அமீரகத்தோடும் சவுதியோடும் எத்தனையோ வணிக, முதலீட்டு உடன்படிக்கைகள் செய்தாகிவிட்டது. ஓய்வுக்காலப் பணம் தொழிலாளரோடு ஊருக்கு வர வழிசெய்யும் ஒப்பந்தம் அவற்றில் இல்லை.

தென்கிழக்கில் இரு அண்டை நாடுகள் இரண்டு வழியில் போகின்றன. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955இல் தொடங்கியது; வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் அதில் இல்லை. அவருக்காக முதலாளி மாதந்தோறும் தீர்வை கட்டுகிறார். அது அரசுக்குப் போகிறது, தொழிலாளருக்கு அல்ல. மலேசியா 2019இல் வெளிநாட்டுத் தொழிலாளரை வேலைக் காயக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது, 2025 அக்டோபர் முதல் ஊழியர் சேமநிதியிலும் கட்டாயமாகச் சேர்த்தது. முதலாளி 2 சதவீதம், தொழிலாளி 2 சதவீதம். உள்ளூர்த் தொழிலாளருக்கான விகிதத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. ஆனாலும் தொழிலாளர் பெயரில் ஒரு கணக்கு, ஓர் எண், மாதந்தோறும் ஒரு வரவு என்பது பெரிய மாற்றம். முதலாளி ஓடினாலும் கணக்கு ஓடாது.

வளைகுடாவிலும் அசைவு தெரிகிறது. பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் முதலாளி பணிக்கொடையைக் கடைசி நாள் வரை கையில் வைத்திருக்க முடியாது. முதல் மூன்று ஆண்டு சம்பளத்தில் 4.2 சதவீதமும் அதன்பின் 8.4 சதவீதமும் மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு அமைப்பிடம் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்து போகிறவர் அந்த அமைப்பிடமிருந்து நேராகப் பெற்றுக்கொள்கிறார். ஓமானின் 2023ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வெளிநாட்டினருக்கென்று சேமிப்புத் திட்டம் ஒன்றை வகுத்திருக்கிறது. அரசு அமைப்பிடம், தொழிலாளர் பெயரில், பணம் சேரத் தொடங்கிவிட்டால் ஒப்பந்தம் பேச அடித்தளம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

இந்தியா கேட்க வேண்டியவை என்னென்ன என்பதில் குழப்பம் இல்லை. பணிக்கொடை பேசிக்கின் மீதல்லாமல் முழுச் சம்பளத்தின் மீது கணக்கிடப்பட வேண்டும். தொழிலாளர் நாடு திரும்பிய பிறகும் நம் தூதரகம் வழியாக உரிமை கோர வழி வேண்டும். பஹ்ரைனில் சேர்ந்த தொகையை, அவர் விரும்பினால், இந்தியாவில் அவர் பெயரில் இருக்கும் ஓய்வூதியக் கணக்குக்கு அப்படியே மாற்ற ஏற்பாடு வேண்டும். பஹ்ரைனில் இரண்டு ஆண்டு, கத்தாரில் நான்கு, மறுபடி அமீரகத்தில் ஐந்து என்று அலைகிறவருக்கு, அந்தக் கணக்கு ஒன்றுதான் எல்லா ஆண்டுகளையும் ஓரிடத்தில் வைத்திருக்கும். அதற்கு முன்னால் இங்கே, வைப்பு நிதிக்குள் முதலாளி இல்லாமலும் தனி ஆளாகச் சேரக்கூடிய ஓர் இடத்தை வெளிநாட்டுத் தொழிலாளருக்குத் திறக்க வேண்டும். அதற்குத் துபாயிடமோ வாஷிங்டனிடமோ அனுமதி கேட்கத் தேவையில்லை.